மூன்று முறை கூப்பிட்ட பிறகு

எங்கள் வீட்டுக்குள் யாரும் சத்தமில்லாமல் வர முடியாது. கராஜ் கதவு மேலேறும் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும், ஆனாலும் அது போதாது. உள்கதவின் பிடியைத் தொடுவதற்கு முன்னால் "நான்தான்" என்று குரல் கொடுக்க வேண்டும். குப்பையைப் போட்டுவிட்டு இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாலும் "நான்தான்". மாடியிலிருந்து தண்ணீர் குடிக்க இறங்கினாலும் "நான்தான்".

இந்தச் சட்டத்தைப் போட்டவர் என் கணவர். அவர் கொரியாக்காரர். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் அவர் பிசிறில்லாமல் சொல்லும் ஒரே தமிழ்ச் சொல் அதுதான். எங்கள் மகன் இங்கே அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவிலேயே பிறந்து வளர்ந்தவன். நான் தமிழில் திட்டினால் ஒரு வார்த்தை விடாமல் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அவன் வாயிலும் அந்த ஒரு சொல் மட்டும் தமிழில் வரும். அப்பா என்பது கணக்கில்லை, கொரிய மொழியிலும் அது அப்பாதான்.

சட்டம் வந்த கதை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நாங்கள் இரண்டு பேரும் மாணவர்கள், புதுக் கல்யாணம், ஒரே ஒரு அறையும் சமையலறையும்தான் வீடு. நான் சமையலறையில் பாத்திரம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் கடைக்குப் போய்விட்டு வந்து, வாசலிலிருந்தே யார் உள்ளே என்று கேட்டார். நான் மதுரைக்காரி. முகம் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால் மூன்று தடவை கூப்பிடும்வரை பதில் சொல்லக் கூடாது, பேய்க்கு மூன்றாவது தடவை கூப்பிட வராது என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அதை நம்பியா இருந்தேன்? இல்லை, குறும்பு. வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். இரண்டாவது தடவை கேட்டார். மூன்றாவது தடவை கேட்கட்டும், பாய்ந்து போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். மூன்றாவது குரல் வரவே இல்லை.

எட்டிப் பார்த்தால், சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பை தரையில் கிடந்தது, முட்டை எல்லாம் உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் நாலு மணி, ஜன்னல் வழியே நல்ல வெயில். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் மறுநாள்வரை என்னோடு பேசவில்லை. பேசியபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டார், யார் என்று கேட்டால் உங்கள் மொழியில் என்ன சொல்வீர்கள் என்று. சொன்னேன். அதைத் தன் எழுத்தில் ஒரு சின்னத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

அவர் ராணுவத்தில் இருந்தவர் என்பது எனக்குத் தெரியும். அவர்கள் ஊரில் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் இரண்டு வருஷம் போய்த்தான் ஆக வேண்டும். எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டதற்கு, மலை, குளிர், தினமும் முள்ளங்கி சூப் என்றார். பட்டாளத்தார் முறுக்கு போலிருக்கிறது என்று நானும் அதோடு விட்டுவிட்டேன். மேலே கேட்காதது என் தப்பு.

இப்போது என் இன்னொரு தப்பைச் சொல்ல வேண்டும். டெக்ஸஸில், பேர்லேண்டில் எனக்கு ஒரு அக்கா இருக்கிறாள். வீட்டில் தீப்பிடித்தால் நகையை விட்டுவிட்டு ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஜாதி. எனக்கும் அதே ரத்தம்தான். மகன் பிறந்த இரண்டாவது வாரமே ஃபோன் பண்ணினாள்.

"ஓசிஐ அப்ளை பண்ணிட்டியாடி? அப்படியே அவங்க ஊர் ரெஜிஸ்டர்லயும் பேரைப் போட்டு வெச்சுடு. நாளைக்கு எதுக்காவது உதவும். பேப்பர் என்ன சோறா கேக்குது?"

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. இந்திய வம்சாவளி அட்டை ஒன்று இருந்தால் கொரியாவிலும் ஒன்று இருக்கட்டுமே, அது பாட்டுக்கு அலமாரியில் கிடக்கட்டும் என்று நினைத்தேன். கணவரிடம் சொன்னால் அப்புறம் பார்க்கலாம் என்றார். மூன்று மாதம் அரித்தேன். கடைசியில் நானே விண்ணப்பத்தைத் தருவித்து, என்னால் நிரப்ப முடிந்த கட்டங்களை எல்லாம் நிரப்பி அவர் முன்னால் வைத்தேன். பிள்ளைக்கு ஒரு கொரியப் பெயர் வேண்டியிருந்தது. இரண்டு நாள் யோசித்து எழுதினார். கையெழுத்தும் போட்டார். பதிவான சான்றிதழ் தபாலில் வந்ததும் பிளாஸ்டிக் உறையில் போட்டு நீல ஃபைலில் வைத்தேன். வீட்டில் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அப்படி ஒரு பெயர் இருந்ததே கொஞ்ச நாளில் எனக்கு மறந்துபோனது.

பதினேழு வருஷம் கழித்து, ஒரு மார்ச் மாதத்தின் முதல் வாரம். நான் மருந்துக் கம்பெனி ஒன்றில் புள்ளியியல் வேலை பார்க்கிறேன். மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்த கொரியப் பெண்மணியிடம், என் பையனுக்கு சியோலில் பெரிய காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்று பீற்றிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். மார்ச் வேலையை முடித்துவிட்டீர்களா என்று கேட்டார்.

எந்த மார்ச் வேலை?

பொறுமையாகத்தான் விளக்கினார். பிறக்கும்போது அப்பா கொரியப் பிரஜையாக இருந்தால் பிள்ளையும் பிரஜை. ஆண்பிள்ளை என்றால், அவனுக்குப் பதினெட்டு முடிகிற வருஷம் மார்ச் மாதம் கடைசித் தேதிக்குள் எனக்கு இந்தப் பிரஜை உரிமை வேண்டாம் என்று நேரில் போய் எழுதிக் கொடுக்க வேண்டும். தவறவிட்டால், ராணுவத்தில் இருந்து முடிக்காமல் முப்பத்தேழு முப்பத்தெட்டு வயதுவரை அதிலிருந்து விடுபடுவது மகா கஷ்டம். அங்கேயே தங்கிப் படித்தால் ஒருநாள் அழைப்பு வரும். உங்கள் கணவருக்குத் தெரியாமலா இருக்கும், எப்போதோ முடித்திருப்பார் என்று எனக்குச் சமாதானமும் சொன்னார்.

எலுமிச்சைச் சாதத்தைப் பாதியில் மூடிவிட்டு மாடிப்படிக்குப் போய்க் கணவருக்கு ஃபோன் பண்ணினேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள், தெரியும் என்றார். எத்தனை நாளாகத் தெரியும்? நீ அந்த விண்ணப்பத்தை என் முன்னால் வைத்த அன்றைக்கே தெரியும் என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பதினேழு வருஷமாக ஒரு மனுஷன் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து தோசை தின்றிருக்கிறார். அப்புறம் நானே தேடிப் படித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பதிந்தாலும் பதியாவிட்டாலும் சட்டப்படி அவன் அந்த நாட்டுப் பிள்ளைதான். பதிந்ததால் அவன் இருப்பது அவர்களுக்குத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பதிவு இல்லாவிட்டால் விலகவும் முடியாதாம். என் காகிதப் பைத்தியம் வினையாகவும் இருந்தது, அந்த வினைக்கு மருந்தாகவும் இருந்தது.

நியூயார்க்கில் அவர்கள் தூதரக அலுவலகத்தில் மார்ச்சின் கடைசி வெள்ளிக்கிழமைக்குத்தான் நேரம் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் வேறு நாள் இல்லை. வேண்டிய தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினேன். பிறப்புச் சான்று, திருமணச் சான்று, பாஸ்போர்ட் எல்லாம் இருந்தன. கணவர் பிற்பாடு அமெரிக்கப் பிரஜையானபோது கொடுத்த மூலச் சான்றிதழை மட்டும் காணவில்லை. அதன் பிளாஸ்டிக் உறை நீல ஃபைலில் காலியாக இருந்தது. என் ஃபைலிலிருந்து ஒரு தாள் தானாக எழுந்து நடந்து போகாது.

வீட்டைத் தலைகீழாகப் புரட்டினேன். மகன் சோபாவில் உட்கார்ந்து என் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு இவ்வளவு பதற்றம், அங்கே எல்லாரும் போகிறார்கள், பதினெட்டு மாதம்தானே என்றான். மேடையில் ஆடுகிற பெரிய பெரிய நட்சத்திரங்கள்கூட முடியை வெட்டிக்கொண்டு போகிறார்கள் என்று ஃபோனில் படம் காட்டினான். பிறகு அவன் அப்பாவைப் பார்த்து ஒன்று சொன்னான்.

"அப்பா டிட் இட். வொய் ஷுட் ஐ ரன்?"

என் கணவர் எழுந்து கராஜுக்குப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டார். ஒரு மணி நேரம் கழித்து "நான்தான்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்.

அடுத்த இரண்டு வாரமும் வீடு அப்படியே கிடந்தது. அவன் போக வேண்டும் என்று ஆசைப்படுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றார். சான்றிதழைத் தொலைத்துவிட்டாயா? இல்லை. அப்படியானால் எங்கே? எழுந்து கராஜ் பக்கம் போய்விட்டார். சொந்தப் பிள்ளையைப் பலி கொடுக்கப் பார்க்கிறாயா என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டும்விட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பயம்தான் இருந்தது.

அக்கா தினமும் ஃபோன் பண்ணி, கிடைத்ததா என்று கேட்பாள். எல்லாம் உன்னால்தான் என்று ஒருநாள் கத்தினேன். நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அழுதாள். அங்கே மீனாட்சி கோயிலில் பையன் பெயருக்கு அர்ச்சனை பண்ணினேன் என்றாள். எந்தப் பெயருக்குப் பண்ணினாய், அவனுக்குத்தான் இரண்டு இருக்கிறதே என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்த மாதத்தில் நாங்கள் இருவரும் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வெள்ளிக்கிழமை காலையில் எழுந்தால் வெளியே ஒரே மூடுபனி. அந்த ஒரு தாள் இல்லாத ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். கவுன்டரில் கையைக் காலைப் பிடித்தாவது நகலை ஏற்கச் சொல்லலாம் என்பதுதான் என் திட்டம். மகன் பின் சீட்டில். பிரின்ஸ்டன் ஜங்ஷன் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷத்தில் வந்துவிட்டோம். கணவர் காரை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங் மேலேயே இருந்தன.

பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் கையில் காபியோடு ஒவ்வொருவராகப் பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டு எங்கள் காரைக் கடந்து போனார்கள். அவர் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மணியைச் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். ரயில் வருகிற சத்தம் கேட்டது, நின்றது, புறப்பட்டுப் போயும்விட்டது. நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார், எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல்.

தொண்ணூற்றாறு, செப்டம்பர் மாதம். அவர் ராணுவத்திலிருந்து விடுபட இன்னும் சில மாதம்தான் பாக்கி. கிழக்குக் கடற்கரையில் வடகொரியாவின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பாறையில் மாட்டிக்கொண்டது. அதில் வந்தவர்கள் மலைக்குள் ஏறிவிட்டார்கள். அவர்களைத் தேடி ராணுவம் மலை முழுக்கப் பரவியது. அந்தத் தேடல் நாற்பத்தொன்பது நாள் நடந்தது. இவர் இருந்த படையில் இரண்டு பேருக்கு ஒரு பதுங்குகுழி. இவர் குழியில் கூட இருந்தவன் புதுசாகச் சேர்ந்தவன், மூன்று நாள் விழித்ததில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டான். ஒரு விடியற்காலை, இதே மாதிரி மூடுபனி. காய்ந்த சருகில் காலடிச் சத்தம் கேட்டது.

விதி எல்லாருக்கும் மனப்பாடம். நில், யார் என்று கேட்க வேண்டும். அன்றைக்கு என்று ஒரு அடையாளச் சொல் இருக்கும், வருகிறவன் அதைச் சொல்ல வேண்டும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லை என்றால் சுட வேண்டும்.

ஒருமுறை கேட்டார். காலடி நின்றது. பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டார். மூச்சு விடும் சத்தம் கேட்டது என்றார். அதைச் சொல்லும்போது எங்கள் காருக்குள் அவர் மூச்சுதான் பெரிதாகக் கேட்டது. மூன்றாம் முறையும் கேட்டார். பதில் இல்லை. விரல் விசையில் இருந்தது. அவர் அழுத்தவில்லை.

காலடி மெதுவாக வடக்குப் பக்கமாகப் போய்விட்டது. பக்கத்தில் இருந்தவனிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை. அன்று மத்தியானம் இரண்டு முகடு தள்ளித் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. இரண்டு பேரைக் கம்பளி போர்த்திக் கீழே கொண்டுவந்தார்கள். இரண்டும் இவர்கள் பக்கத்துச் சிப்பாய்கள், இவர் வயதுப் பிள்ளைகள்.

அது மானாக இருக்கலாம், அந்த மலையில் சின்ன மான்கள் நிறைய என்றார். காளான் பறிக்க வந்த ஊர்க்காரராக இருக்கலாம். அன்றைய சொல்லை மறந்துபோன எங்கள் ஆளாகவே இருக்கலாம். எல்லாம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, கப்பலில் வந்தவர்களில் ஒருவர் மட்டும் கடைசிவரை அகப்படவில்லை. "ஒருவர்" என்று முதலில் தன் மொழியில் சொன்னார். பிறகு எங்களுக்காக ஆங்கிலத்தில் சொன்னார்.

எனக்கு அந்த உடைந்த முட்டைகள் நினைவுக்கு வந்தன. வாயைப் பொத்திக்கொண்டு நான் நின்றதும், பிறகு விழுந்து விழுந்து சிரித்ததும். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்குமுன் பட்டதில்லை.

மகன் முன்னால் சாய்ந்து, அவனும் ஆங்கிலத்தில்தான், சுட்டிருக்க வேண்டும் என்று தோன்றுமா என்று கேட்டான். சில நாள் தோன்றும், சில நாள் சுடாததற்கு நன்றி சொல்வேன் என்றார். சரி, அந்த இடத்தில் நான் இருந்தால் என்ன செய்யச் சொல்வாய் என்று கேட்டான்.

அவர் சொன்ன ஆங்கில வார்த்தைகள் எனக்குள் தமிழாகவே தங்கிவிட்டன.

"நீ அந்தக் குழியில் இருக்கவே வேண்டாம்."

சொல்லிவிட்டு, அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை என்றார். அந்த இரண்டு பேருக்கும் அப்பா இருந்தார்கள். ஊரார் பிள்ளைகள் அந்தக் குழியில் உட்காரட்டும், என் பிள்ளை வேண்டாம் என்று அந்தத் தாளை எப்படி நீட்டுவது? நீட்டாமலும் எப்படி இருப்பது? அந்தச் சான்றிதழை ஜனவரியிலேயே ஃபைலிலிருந்து எடுத்துவிட்டேன், தினமும் கூடவே எடுத்துப் போய்க் கூடவே கொண்டுவந்தேன் என்றார். பிறகு என் பக்கம் குனிந்து டேஷ்போர்டு அறையைத் திறந்து, கார் கையேட்டுக்கு அடியிலிருந்து ஒரு கவரை எடுத்தார். அதை என்னிடம் தரவில்லை. பின்பக்கம் திரும்பி மகனிடம் கொடுத்தார்.

அவன் வாங்கிக்கொண்டு காரிலிருந்து இறங்கினான். அடுத்த ரயிலைப் பிடித்தோம். வழியெல்லாம் அவன் ஃபோனைத் தொடவில்லை, கவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குறித்த நேரம் தாண்டிவிட்டது. கவுன்டரில் இருந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு உட்காருங்கள், நடுவில் இடம் கிடைத்தால் கூப்பிடுகிறேன் என்றார். கூடம் முழுக்க அவன் வயதுப் பையன்களும் அவர்களுடைய அம்மா அப்பாக்களும். மகன் படிவத்தைத் தானே எழுதினான். கொரியப் பெயர் கேட்ட இடத்தில், என் பழைய சான்றிதழை வைத்துக்கொண்டு புள்ளி வைத்துக் கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு கோடாகப் பார்த்து எழுதினான். கொண்டுபோய்க் கொடுத்தான். வந்து உட்கார்ந்தான். மதிய இடைவேளைக்கு அரை மணிதான் இருந்தது. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள்கூட எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த அம்மாள் ஒரு பெயரைக் கூப்பிட்டார். யாரும் எழவில்லை. என் மணிக்கட்டைக் கணவர் பிடித்தார், எலும்பு நோகும் அளவுக்கு. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மறுபடியும் அதே பெயரைக் கூப்பிட்டார். அப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு முட்டை உடைந்து ஓடியபோது இருந்த அதே முகம். பதினேழு வருஷம் முன்னால் இரண்டு நாள் யோசித்து அவர் எழுதிய பெயர் அது. அவருக்குத் தெரிகிறது, வாய் எழவில்லை. தெரிந்த பிறகு எனக்கும் எழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது முறை கூப்பிட்டார்.

"நான்தான்."

தமிழில்தான். வீட்டுக்குள் வரும்போது கொடுக்கிற அதே உரத்த குரலில், பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோலக் கையையும் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றான். கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாளுக்கு வார்த்தை புரியவில்லை, ஆனால் ஒரு பையன் எழுந்துவிட்டான், அவருக்கு அது போதும். கையால் வரச் சொன்னார். அவன் போனான், காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டான்.

என் மணிக்கட்டிலிருந்த பிடி விட்டது. கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அந்தக் கூடத்தில் அத்தனை பேர் நடுவிலும் அழுதார். நான் அவர் முதுகில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சில மாதம் கழித்துத் தபாலில் ஒரு தாள் வந்தது. விலகல் ஏற்கப்பட்டது, அந்தப் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது என்று கணவர் படித்துச் சொன்னார். அதையும் ஒரு உறையில் போட்டு நீல ஃபைலில் வைத்தேன். அந்தப் பெயரைச் சொல்லி என் மகனை இந்த உலகத்தில் கூப்பிட்டது அந்த மூன்று முறைதான். அவன் பதில் சொல்லிவிட்டான்.